‘ரீகால்’ என்பதற்கு ‘ஆணைமீட்பு’ என்னும் பரிந்துரை

குழு அன்பர்களுக்கு வணக்கம். மூன்று ஆங்கிலச் சொற்களுக்கு நாம் தமிழ்ச் சொல் தேடிவருகிறோம்: வாக்காளரே கையொப்பம் திரட்டி ஒரு சட்டத்தையோ திருத்தத்தையோ முன்வைக்கும் ‘இனிஷியேட்டிவ்’, ஒரு முடிவை வாக்காளரின் வாக்குக்கு விடும் ‘ரெஃபரண்டம்’, தேர்ந்தெடுத்தவரைப் பதவிக்காலம் முடியுமுன்பே வாக்காளரே வாக்களித்து இறக்கும் ‘ரீகால்’.

இந்த மூன்று அதிகாரங்களையும் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1903ஆம் ஆண்டிலேயே தன் நகரச் சாசனத்தில் எழுதிக்கொண்டது. மூன்றிலும் செயலைத் தொடங்குபவரோ முடித்துவைப்பவரோ வாக்காளரே. ஆகவே யார் செய்கிறார் என்பதை மறைக்கும் எந்தச் சொல்லையும் நாம் ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ரெஃபரண்டத்துக்குப் ‘பொதுவாக்கெடுப்பு’ போதும். பாக் நீரிணைக்கு அக்கரையில், இலங்கையில், ‘சர்வசன வாக்கெடுப்பு’ என்கிறார்கள். 1982இல் அங்கு நாடாளுமன்றத்தின் காலத்தை நீட்டிக்க நடந்த வாக்கெடுப்பால் இராமேசுவரத்து மூத்தவர்களுக்கும் அது பழகிய சொல். ‘கருத்து வாக்கெடுப்பு’ என்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். கருத்துச் சொல்வது வேறு, முடிவெடுப்பது வேறு.

இனிஷியேட்டிவுக்கு ‘முன்னெடுப்பு’ என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அச்சொல் இன்று மரம் நடுவதிலிருந்து மருத்துவ முகாம் வரை எல்லாவற்றுக்கும் வழங்குவதால் சட்டச் சொல்லுக்குரிய கூர்மையை இழந்துவிட்டது. ‘மக்கள் முன்மொழிவு’ என்பதே பொருந்தும். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் பாசி எடுக்கும் பெண்கள் ஆட்சியரிடம் கொடுப்பது மனு. அதை ஏற்பதும் விடுப்பதும் அலுவலகத்தின் விருப்பம். சுவிட்சர்லாந்தில் அரசமைப்பைத் திருத்தக் கோரி 18 மாதங்களுக்குள் 1,00,000 பேர் கையொப்பமிட்டால், அக்கோரிக்கை செல்லத்தக்கதாக இருக்கும்வரை, அதை வாக்கெடுப்புக்கு விட்டே ஆக வேண்டும். இந்தக் கட்டாயம்தான் முன்மொழிவை மனுவிலிருந்து பிரிக்கிறது. கிராம சபைத் தீர்மானத்தையும் இதனோடு குழப்பக் கூடாது. மக்கள்தொகை 10,000க்கு மேற்பட்ட ஊராட்சியிலும் 300 பேர் வந்தால் சபை கூடிவிடும். அன்று நாட்டுப்படகில் கடலுக்குப் போனவருடைய குரல் அதில் சேராது.

ரீகால்தான் நம் கவனம் முழுவதையும் கேட்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன் 205ஆம் பிரிவின்படி, ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற நிலையில் மாவட்ட ஆட்சியர் ஓர் ஊராட்சித் தலைவரை நீக்கலாம். வட்டாட்சியர் கூட்டம் கூட்டி ஊராட்சி உறுப்பினர்களின் கருத்தைக் கேட்டாலும், முடிவு ஆட்சியருடையது. இது பதவி நீக்கம். கீழக்கரை, இராமேசுவரம் போன்ற நகராட்சிகளில் தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பதால், அவர்களே வாக்களித்து இறக்கலாம். இது நம்பிக்கையில்லாத் தீர்மானம். இரண்டிலும் வாக்காளருக்கு வேலையே இல்லை. மத்தியப் பிரதேசத்தில் 2000ஆம் ஆண்டு அனூப்பூர் நகர்மன்றத் தலைவரை வாக்காளர்களே வாக்களித்து இறக்கினார்கள். அத்தகைய தேர்தல்களில் ஆள் அமர்ந்த நாற்காலியும் வெற்று நாற்காலியும் சின்னங்களாக இருந்தன. நாம் பெயர் தேடுவது இந்தச் செயலுக்குத்தான்.

‘திரும்ப அழைத்தல்’ என்பது நாளிதழ்களில் வேரூன்றிவிட்ட சொல் என்றாலும், அது தூதரை அனுப்பிய அரசு அவரை அழைத்துக்கொள்வதையே நினைவூட்டுகிறது. தங்கச்சிமடத்து ஊராட்சித் தலைவர் தங்கச்சிமடத்திலேயே இருக்கிறார். அவரை எங்கிருந்து எங்கே அழைப்பது? குடிமக்களைக் குறிக்கும் ‘குடி’யைச் சேர்த்துக் ‘குடிமீட்பு’ என்றால், மதுப்பழக்கத்திலிருந்து மீட்பது என்றே படிப்பார்கள். சொல்லின் முன்னே ‘ஊர்’ என்று சேர்ப்பதையும் நான் ஏற்கவில்லை. எங்கள் கரையில் ‘ஊர்விலக்கு’ என்பது ஒரு குடும்பத்தின் கடைகண்ணி, நல்லது கெட்டது எல்லாவற்றையும் அறுத்துவிடும் தண்டனை. மேலும், ஊர்க்கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லாத ஊர்கள் இன்றும் உள்ளன. வாக்குச்சாவடியிலோ அவர்கள் சரிபாதி. அவர்களையும் உள்ளடக்கிய ஓர் உரிமைக்கு அவர்களைத் தள்ளிவைத்த அமைப்பின் பெயரைச் சூட்டுவது முறையன்று.

எனவே ‘ஆணைமீட்பு’ என்று பரிந்துரைக்கிறேன். தேர்தலில் மக்கள் அளிப்பது ஆணை என்பது எல்லாரும் அறிந்த வழக்கு. மீட்பு என்றவுடன் கடலில் தவிப்பவரைக் காப்பாற்றுவது நினைவுக்கு வரும் என்று ஓர் அன்பர் தயங்கினார். ஆனால் மீன்பிடித் தடைக்காலத்தில் அடகு வைத்த நகையை, தொழில் தொடங்கியதும் மீட்பது இங்கு ஒவ்வொரு வீட்டிலும் நடப்பது. கடையின் பெட்டகத்தில் இருக்கும்போதும் நகை உரியவருடையதே. வாக்காளர் தலைவரிடம் கொடுத்துவைத்த ஆணையும் அப்படியே. இச்சொல் கிளைவிடவும் செய்கிறது: ஆணைமீட்பு மனு, ஆணைமீட்பு வாக்கெடுப்பு, ஆணை மீட்கப்பட்ட தலைவர். ‘வாக்காளர்கள் ஆணையை மீட்டனர்’ என்று எழுதினால் எழுவாய் தானாகவே வந்து நிற்கிறது.

ஒன்றை மட்டும் தீர்மானிக்க வேண்டியுள்ளது. மறைமுகமாகத் தேர்வான நகராட்சித் தலைவருக்கு இச்சொல்லை ஆள்வது பிழை என்பேன். வாக்காளர் நேரடியாக ஆணை கொடுத்தது வார்டு உறுப்பினருக்குத்தான். வரையறையிலேயே ‘நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்’ என்று சேர்க்கலாமா என்பதை மட்டும் சட்டம் பயின்ற உறுப்பினர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.