கனடாவிலிருந்து வந்து ஏ9 வீதியில் நானே கார் ஓட்டலாமா?

தருமபுரத்தான் (ஸ்காபரோ) எழுதியது:

வணக்கம் உறவுகளே. வருகிற ஆகஸ்டில் மனிசியும் இரண்டு பிள்ளைகளும் நானுமாக இலங்கைக்கு, ஊருக்கு வருகிறோம். கட்டுநாயக்காவில் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வடக்கே யாழ்ப்பாணம் போகும் ஏ9 பெருவீதியால், கிளிநொச்சிப் பக்கத்துத் தருமபுரம் வரை நானே ஓட்டிவர யோசித்திருக்கிறேன். விமானம் இறங்குவது பின்னேரம் நாலு மணிக்கு. அன்றிரவே வெளிக்கிட்டால் விடிவதற்குள் அம்மாவிடம் போய்விடலாம். கனடாவில் 12 வருடமாக ஓட்டுகிறேன், ஒரு விபத்தும் இல்லை. ஆனால் இடப்பக்கம் ஓட்டிய பழக்கம் கிடையாது. லைசென்ஸ் அலுவல் எப்படி? இரவு ஓட்டம் சரிவருமா?

குருமன்காட்டுப் பிள்ளை (வவுனியா) எழுதியது:

அண்ணா, கனடா லைசென்ஸை மட்டும் காட்டி ஓட்ட முடியாது. அங்கேயே சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொண்டு வாருங்கள். இங்கே தற்காலிக லைசென்ஸும் எடுக்க வேண்டும். முன்பு அதற்காகக் கொழும்புக்குப் போய் அலைய வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்ட் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அதற்கென்று ஒரு கவுண்டர் இருக்கிறது. அப்புறம், பிள்ளைகளின் இருக்கைகளை அங்கிருந்தே கொண்டுவாருங்கள். இங்கே கார் தருபவர்களிடம் அது இருக்கும் என்று நம்பி வரவேண்டாம்.

வான்காரர் (கிளிநொச்சி) எழுதியது:

தம்பி, நான் ஏ9 வீதியில் ஹயர் வான் ஓட்டுகிறவன். உங்களுக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்லவில்லை. ஆனால் வவுனியாவுக்கு வடக்கே இரவில் ஓட்டாதீர்கள். இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன்.

2019இல் என் மச்சானின் மகன் லண்டனிலிருந்து வந்து, வாடகைக் கார் எடுத்து ஓட்டிக்கொண்டு வந்தான். நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். கனகராயன்குளம் தாண்டி, இரவு எட்டரை இருக்கும். எதிரே வந்த பஸ் வெளிச்சத்தைக் குறைக்கவில்லை. பஸ் கடந்த கையோடு பார்த்தால், முன்னுக்கு ஐந்தாறு கட்டாக்காலி மாடுகள் நடு றோட்டில் படுத்திருக்கின்றன. பகல் வெயிலில் காய்ந்த தார் இரவிலும் சூடாகவே கிடக்கும், அதில்தான் வந்து படுக்கும். கறுத்த மாடு தாரோடு தாராகத்தான் தெரியும். எங்கள் பக்கம் பார்த்தாலாவது கண் மினுங்கும், அவை மற்றப் பக்கம் பார்த்து அசைபோட்டுக்கொண்டு இருந்தன. அவன் பிரேக்கை முழுதாக மிதித்தான். போதவில்லை. காரின் முன்பக்கம் நசுங்கிப்போனது. எங்களுக்குக் கீறல் காயம்தான். ஒரு மாட்டுக்கு முன்கால் முறிந்துவிட்டது. டோர்ச்சோடு ஓடிவந்த அம்மா ஒருவர் அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தார். அந்தப் பாலை நம்பித்தான் அவருடைய வீட்டில் அடுப்பு எரிந்தது. இவன் கையிலிருந்த காசைக் கொடுத்தான். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

மாடு மட்டுமில்லை. புத்தளத்திலிருந்து அநுராதபுரம் வரும் றோட்டிலும், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் போகும் றோட்டிலும் இருட்டினால் யானை ஏறும். ஆகஸ்ட் என்றால் சிறுபோக நெல் வெட்டு நேரம். உழவு மெஷின் (டிராக்டர்) இழுக்கும் பெட்டிகள் பின்னுக்கு லைட் இல்லாமல் போகும், றோட்டோரத்தில் நெல் காயும்.

இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லாரும் இதில்தான் பிழைவிடுகிறார்கள். எதிரே வருகிறவர் லைட் அடித்தால், உங்கள் பக்கத்தில் ‘நீ போ’ என்று எடுப்பீர்கள். இங்கே அதற்கு ‘நான் வருகிறேன், நீ நில்’ என்று அர்த்தம். பஸ் லைட் அடித்துக்கொண்டு உங்கள் பாதிக்குள் ஏறி வந்தால், மல்லுக்கு நிற்காமல் ஓரம் கட்டிவிடுங்கள்.

இடப்பக்கம் ஓட்டுவது நேர் றோட்டில் அரை மணியில் பழகிவிடும். ஆபத்து நின்று எடுக்கும்போதுதான். பெற்றோல் செட்டிலிருந்து வெளியே வரும்போது, முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சானும் வாங்கிக்கொண்டு திரும்ப ஏறும்போது, றோட்டு வெறுமையாக இருந்தால் கை பழைய பக்கத்துக்கு இழுக்கும். ஓட்டுகிற நீங்கள் எப்போதும் நடுக்கோட்டுப் பக்கம் இருக்க வேண்டும், அதை மட்டும் மனதில் வையுங்கள். சிக்னல் தடியும் ஸ்டேரிங்கின் வலப்பக்கத்தில்தான் இருக்கும், கார் எடுத்த இடத்திலேயே இரண்டு மூன்று தரம் போட்டுப் பழகுங்கள்.

வேகம் ஊருக்குள் 50, வெளியே 70. பொலிஸ் மறித்துத் தண்டம் எழுதினால் துண்டை வாங்கித் தபாற்கந்தோரில் கட்டுங்கள், கையில் காசு கொடுக்காதீர்கள். ஏ9 வீதியிலிருந்து உள்ளுக்குப் போகும் ஒழுங்கைகளில் கேற் இல்லாத ரயில் கடவைகள் உண்டு. கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்திவிட்டுக் கடவுங்கள். பிள்ளைகள் ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் கடையடியில் நிறுத்துங்கள். மண்டையோட்டுச் சிவப்புப் பலகை கண்ட இடத்தில் ஒரு அடிகூட உள்ளே வைக்கவேண்டாம், மிதிவெடி முழுதும் இன்னும் எடுத்து முடியவில்லை.

தருமபுரத்தான் எழுதியது:

அண்ணை, வாசித்துவிட்டு மனிசிக்கும் காட்டினேன். இரவுப் பயணத்தை விட்டுவிட்டோம், நீர்கொழும்பில் தங்குகிறோம். எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும்? முல்லைத்தீவுப் பக்கமும் ஒரு நாள் போக இருக்கிறோம்.

வான்காரர் எழுதியது:

நல்லது தம்பி. நித்திரை முழுதாகக் கொண்டுவிட்டு, வெளிச்சம் வந்தபிறகு ஆறு மணிக்கு எடுங்கள். சிலாபம், புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா. இடையில் இரண்டு தரம் இறங்கிக் காலை நீட்டுங்கள். வவுனியாவில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால், பரந்தன் சந்தியில் திரும்பி இரண்டு மணிபோல வீட்டில் சாப்பிடலாம். முல்லைத்தீவுக்குப் போகும்போது வட்டுவாகல் பாலம் மிகவும் ஒடுக்கம். எதிரே வாகனம் ஏறியிருந்தால் இந்தக் கரையிலேயே நின்று அதை விடுங்கள். அவசரத்துக்கு அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, போனில் இப்போதே பதிந்து வையுங்கள். விடிய வருகிறான் என்று அம்மா முழித்திருக்கப் போகிறார், மத்தியானம்தான் வருவோம் என்று முதலில் அவருக்குச் சொல்லிவிடுங்கள்.