தொடங்குறவருக்கு எந்த ஸ்விம்பெய்ட்? நாலு அங்குலமா, ஆறு அங்குலமா?

புதுத்தூண்டில் (ஸ்கார்பரோ):
எல்லாருக்கும் வணக்கம். போன வருசம் முழுக்க ரப்பர் புழு மட்டும் போட்டுத்தான் பாஸ் மீன் பிடிச்சன். இந்தக் கோடைக்கு ஸ்விம்பெய்ட் (நீந்துற மீன் மாதிரிச் செயற்கை இரை) பழகவேணும் எண்டு ஆசை. என்னட்ட இருக்கிறது 7 அடி மீடியம் ஸ்பின்னிங் ராட், 10 பவுண்டு பிரெய்ட் (பின்னல் நரம்பு). போறது ஒன்டாரியோ ஏரிகளான ரைஸ் லேக், ஸ்கூகோக், இடைக்கிடை சிம்கோ. ஒரு கயாக் இருக்கு. கடைக்குப் போனால் மூண்டு அங்குலத்தில தொடங்கி முழங்கை நீளம் வரைக்கும் தொங்குது. வீடியோக்களில எல்லாரும் பெரிய ட்ரவுட் மீன் மாதிரி ஒண்டை எறிஞ்சு பெரிய மீன் தூக்கினம். 60 டொலர் ஒதுக்கி வைச்சிருக்கிறன். எதில தொடங்கிறது?

கவார்த்தாக்காரன் (பீட்டர்பரோ):
தம்பி, 3.8 அங்குல பேடில் டெயில் (துடுப்பு மாதிரி வால் அடிக்கிற ரப்பர் மீன்), கால் அவுன்ஸ் ஜிக்ஹெட் (தலையில ஈயம் வார்த்த முள்). இதை வாங்கிக்கொண்டு தண்ணிக்குப் போங்கோ. நான் பாவிக்கிறது கெய்டெக் ஸ்விங் இம்பாக்ட் ஃபேட், பாக்கெட்டில 6 இருக்கும். பிளாஸ்டிக் மெதுமை, அதால ரீலை ஆறுதலாச் சுத்தினாலும் வால் அடிக்கும். தொடங்குற ஆளுக்கு அதுதான் முக்கியம். எறிஞ்சு, கொஞ்சம் தாழவிட்டு, நேரா இழுத்தால் போதும். வேற வித்தை ஒண்டும் வேண்டாம். மீனும் வரும், வாலின்ர அதிர்வு கையில எப்படித் தெரியுது எண்டும் பழகும்.

அந்த ட்ரவுட் வடிவப் பெரிய இரை எங்கட ஏரிக்கு எண்டு பிறந்ததில்லை. 1959இல கலிஃபோர்னியாவின்ர சான் டியேகோ ஏரிகளில ஃபுளோரிடா இன பாஸைக் கொண்டுவந்து விட்டினம். பிறகு அங்கத்தைய ஏரிகளில குளிர்காலத்தில வளர்ப்பு ட்ரவுட்டையும் லொறியில கொண்டுவந்து கொட்டினம். ரெண்டும் சேர்ந்ததால மீன் ராட்சத அளவுக்கு வளர்ந்தது. 2006இல அந்தப் பக்கத்து டிக்ஸன் ஏரியில தூக்கின ஒரு பாஸ் 25 பவுண்டு 1 அவுன்ஸ். முள் வாயில ஏறாமல் உடம்பில ஏறினதால சாதனைப் பட்டியலுக்குப் போகேல்லை. எங்கட பக்கம் வருசத்தில நாலு மாசம் ஐஸ், மீன் வளருற காலமே கொஞ்சம். இங்க 5 பவுண்டு லார்ஜ்மவுத் பாஸ் எண்டால் நாலு பேர் கூடிப் படம் எடுக்கிற மீன்.

பெருமீன் (மினியாபொலிஸ்):
அண்ணே, வரலாறு சரி, முடிவு தப்பு. மீன் சின்னதா இருந்தா இரையும் சின்னதா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. பாஸ் தன் நீளத்துல மூணுல ஒரு பங்கு இருக்கிற இரையைச் சாதாரணமா முழுங்கும். 18 அங்குல மீனுக்கு 6 அங்குல பெர்ச் மீன் கஷ்டமே இல்ல. மினசோட்டா லார்ஜ்மவுத் சாதனையே 9 பவுண்டைத் தாண்டல, அது எனக்கும் தெரியும். ஆனா இங்க ஆழமான ஏரிகள்ல டல்லிபீங்கிற இரைமீன் இருக்கு, எல்லா ஏரியிலயும் பெர்ச் இருக்கு. கொழுத்த மீன் சும்மா கொழுக்கல, பெரிய இரையைத் தின்னுதான் கொழுத்திருக்கு.

3.8 போட்டா என்ன ஆகும்? ராக் பாஸும் பெர்ச்சும் வந்து வாலைக் கடிச்சுட்டுப் போயிடும். வால் போன பேடில் டெயில் வெறும் ரப்பர் குச்சி. ஒரு காலையில ஒரு பாக்கெட் காலியாகும். அதுக்குப் பதிலா மெகாபாஸ் மேக்டிராஃப்ட் 6 அங்குலம் ஒண்ணு வாங்குங்க தம்பி. வயித்துல காந்தம் இருக்கு, மும்முள்ளு அதுல ஒட்டிக்கிட்டு உடம்போட இருக்கும். மீன் கடிச்சதும் கழண்டு வெளிய வரும். சின்ன மீன் தொந்தரவு குறையும், வர்றது பாக்கிற மாதிரி மீனா வரும்.

கவார்த்தாக்காரன்:
அந்த 6 அங்குலத்தை எதில எறியிறது? தம்பியின்ர ராட் மீடியம். கைப்பிடிக்கு மேல பாருங்கோ, அநேகமா 5/8 அவுன்ஸ் வரை எண்டு எழுதியிருக்கும். நீங்கள் சொல்லுறது ஒன்றரை அவுன்ஸ் பக்கம் வரும். முழு வேகத்தில எறிஞ்சால் ஒண்டில் ராட் முறியும், இல்லாட்டி முடிச்சு அறுந்து இரை மட்டும் அக்கரைக்குப் போகும். புது ராட், புது ரீல், தடிச்ச நரம்பு எல்லாம் சேர்த்தால் 60 டொலர் எந்த மூலைக்கு?

இன்னொண்டு. தெற்குப்பக்க ஆக்கள் பெரிய இரைக்குச் சொல்லுற நல்ல காலம், மீன் முட்டையிடுறதுக்கு முந்தின வசந்தம். எங்கட கவார்த்தா ஏரிப்பக்கத்தில அப்ப பாஸ் சீசன் மூடியிருக்கும். பிடிச்சுட்டு விடுறன் எண்டும் போடேலாது. மீன்பிடி விதிகளில ரைஸ் லேக் 17ஆம் மண்டலம், சிம்கோ 16. திறக்கிற தேதியை ஒவ்வொரு வருசமும் விதிமுறைப் புத்தகத்தில பாத்துட்டுத்தான் போகவேணும். நாங்கள் இறங்கிறது ஜூன் நடுப்பகுதிக்குப் பிறகு. அப்ப ஏரி முழுக்க அந்த வருசத்துக் குஞ்சுமீன். ரெண்டு மூண்டு அங்குல இரை கூட்டம் கூட்டமாத் திரியேக்க பாஸ் ஆறு அங்குலத்தைத் தேடி அலையாது.

நீர்முள்ளி (மிச்சிகன், செயின்ட் கிளேர் கரை):
ரெண்டு பேரும் நீளத்தையே பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. புதுசா வர்றவர் மாட்டிக்கிற இடம் அது இல்ல. இரை எந்த ஆழத்துல போகுது, களைல சிக்காம போகுதா, இந்த ரெண்டும்தான் முதல் கேள்வி. நான் போடுற செயின்ட் கிளேர் ஏரி சராசரியா 11 அடிதான். அதுலயே களைக்கு மேல ஒரு முள், மணல் திட்டுக்கு வேற முள்னு மாத்தித்தான் ஆகணும்.

ரைஸ் லேக் ஆழம் குறைஞ்ச, களை மண்டின ஏரி. ஜூலை பிறந்தா களை மேல வரைக்கும் வந்துடும். அங்க திறந்த முள்ளு இருக்கிற ஜிக்ஹெட் போட்டா ஒவ்வொரு எறிக்கும் ஒரு கட்டு களைதான் வரும். கவார்த்தாக்காரன் அண்ணன் அதைச் சொல்லாம விட்டுட்டார். அங்க வேணுங்கிறது வயித்துப் பக்கம் எடை கோத்த 4/0 முள், 1/8 அவுன்ஸ். முன்னாடி இருக்கிற திருகுச் சுருளை இரையோட மூக்குல திருகி, முள்ளு நுனியை முதுகுப் பள்ளத்துல படுக்க வைக்கணும். களைக்கு மேல ஒரு அடி தண்ணி இருந்தாலும் வழுக்கிக்கிட்டுப் போகும்.

சிம்கோ வேற. தெளிஞ்ச தண்ணி, பாறை, ஆழம். 20 அடியில ஸ்மால்மவுத் பாஸ் நிக்கும்போது 1/8 அவுன்ஸ் மேலயே மிதந்துக்கிட்டுப் போனா அதுக்குக் கண்ணுலயே படாது. அங்கதான் ஜிக்ஹெட், அதுவும் 3/8. எறிஞ்சதும் எண்ணத் தொடங்குங்க. தரை தட்டுறப்ப என்ன எண்ணிக்கைன்னு மனசுல வச்சுக்குங்க. அடுத்த எறிக்கு அதுக்கு ரெண்டு மூணு முன்னாடியே இழுக்க ஆரம்பிங்க. இரை தரையை உரசாம கொஞ்சம் மேல போகும். பெரும்பாலான கடி அங்கதான்.

அதே 3.8 பாக்கெட், ரெண்டு விதமான முள். என் கருத்து இதுதான்.

பெருமீன்:
அக்கா சொன்ன ஆழக் கணக்கை ஏத்துக்கிறேன். நீளம் முக்கியமே இல்லங்கிறதை ஏத்துக்க மாட்டேன். செப்டம்பர் கடைசில இருந்து தண்ணி குளிரக் குளிர அந்தக் குஞ்சுமீனெல்லாம் வளர்ந்திருக்கும், பாதி செத்தும் போயிருக்கும். பாஸ் குளிர்காலத்துக்குக் கொழுப்பு சேர்க்கிற நேரம் அது. களை செத்து விழுற ஓரத்துல பெரிய இரையை மெதுவா இழுத்துப் பாருங்க. அந்த மாசத்துல 3.8 போடுறவர் நல்ல மீனை விட்டுட்டுச் சின்ன மீனைப் பொறுக்கிறார்.

அப்புறம் யாரும் லீடர் (இரைக்கு முன்னாடி கட்டுற தனி நரம்புத் துண்டு) பத்திப் பேசல. இங்க நார்தர்ன் பைக் (கூர்ப்பல் மீன்) இல்லாத ஏரியைத் தேடணும். 12 பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பை அது ஒரே கடியில நறுக்கிடும். 40 பவுண்டு போடுங்க.

கவார்த்தாக்காரன்:
எங்கட பக்கம் பைக்கை விட மஸ்கிதான் யோசிக்கவேண்டிய மீன், கவார்த்தாவின்ர சொந்த மீன் அது. அறுக்கிறதில ரெண்டும் ஒண்டுதான். ஆனால் 40 பவுண்டு லீடர் தடிப்பு, விறைப்பு. 3.8 மாதிரிச் சின்ன இரையின்ர நடையைக் கெடுத்துப்போடும். சிம்கோத் தண்ணியில ஸ்மால்மவுத் அதைக் கண்டுட்டுத் திரும்பிப் போகும். நான் சிம்கோவுக்கு 10, ரைஸ் லேக் களைக்கு 20. மஸ்கி அறுத்துக்கொண்டு போனால் இரைக்காசு போறது பெரிசில்லை. வாயில முள்ளோட ஒரு மீன் திரியிறதுதான் எனக்கு மனசுக்குப் பாரம். அதால, அறுத்த இடத்திலயே திரும்பத் திரும்ப எறியாதேங்கோ, இடத்தை மாத்துங்கோ.

ஈயத்தையும் யோசிக்கவேணும். லூன் பறவைகள் சின்ன ஈயத்துண்டை விழுங்கிச் சாகுதுகள். கனடாவின்ர தேசியப் பூங்காக்களுக்குள்ள 50 கிராமுக்குக் குறைஞ்ச ஈய ஜிக் கொண்டுபோகேலாது. நியூ ஹாம்ப்ஷயரில ஒரு அவுன்ஸுக்கு உட்பட்டதுக்குத் தடை. ஈயத்துக்குப் பதிலா வாற டங்ஸ்டன் விலைதான், ஆனால் ஜிக்ஹெட் மாதக்கணக்கா உழைக்கிற சாமான். ஏலுமெண்டால் அதையே வாங்குங்கோ.

புதுத்தூண்டில்:
மூண்டு பேருக்கும் நன்றி. ராட்டைப் பாத்தன், 1/4 முதல் 5/8 எண்டு இருக்கு. அப்ப பெருமீன் அண்ணையின்ர 6 அங்குலம் இந்த ராட்டுக்கு ஏலாது. 4.8 கெய்டெக் எண்டு ஒண்டும் கிடக்கு, அதை எறியலாமோ? நிறம் எது?

நீர்முள்ளி:
எறியலாம், ஆனா கணக்குப் பாத்து. நிறைய பேர் முள்ளோட எடையை மட்டும் பாக்கிறாங்க, பிளாஸ்டிக் எடையை விட்டுடுறாங்க. 4.8 மட்டுமே அரை அவுன்ஸ் பக்கம் வரும். கூட 1/8 சேர்ந்தா உங்க ராட்டோட எல்லை. சாட்டை மாதிரி விசுறாம மெதுவா வீசுங்க. பெருமீன் சொல்ற செப்டம்பர் மீனுக்கு அது போதும்.

நிறத்துக்கு ரொம்ப யோசிக்காதீங்க. 1988இல எங்க செயின்ட் கிளேர் ஏரியிலதான் வரிக்குதிரைச் சிப்பியைக் கண்டுபிடிச்சாங்க. அது பரவின ஏரியெல்லாம் தண்ணியை வடிகட்டித் தெளிவாக்கிடுச்சு. தெளிஞ்ச தண்ணிக்கு மீன் நிறமே போதும்: முதுகு பச்சை, வயிறு வெள்ளை. சிம்கோவுக்கு கோபி மீன் மாதிரி பழுப்பு ஒரு பாக்கெட். ஸ்கூகோக் கலங்கலா இருந்தா வெள்ளை.

பெருமீன்:
4.8க்கு நான் சம்மதம். ஆனா அக்டோபர்ல ராட் மாத்தினதும் 6 அங்குலத்தைப் பத்தி மறுபடி கேளுங்க.

கவார்த்தாக்காரன்:
நான் இன்னும் 3.8தான் சொல்லுவன். முதல் ரெண்டு மாசம் அதை மட்டும் போடுங்கோ தம்பி. நாலு வகையை மாறி மாறிப் போட்டால் எது ஏன் வேலை செய்யுது எண்டு விளங்காது. இன்னொரு விசயம், கெய்டெக்கை அதின்ர பாக்கெட்டிலயே நேரா வைச்சிருங்கோ. பெட்டிக்குள்ள மடிஞ்சு கிடந்த வால் பிறகு ஒழுங்கா அடிக்காது.

நீர்முள்ளி:
புழு போட்டுப் பழகின கைக்கு ஒண்ணு மட்டும். புழுவுல தட்டு தெரிஞ்சதும் வெட்டி இழுப்பீங்க. இதுல வெட்டாதீங்க. மீன் பின்னாடியே வந்து முதல்ல வாலைத்தான் தட்டும். அப்ப இழுத்தா இரையை அதோட வாயில இருந்து நீங்களே பறிக்கிறீங்க. அதே வேகத்துல சுத்திக்கிட்டே இருங்க. ராட் வளைஞ்சு பாரம் தெரிஞ்சதும் பக்கவாட்டுல நிதானமா இழுங்க, ஒத்தை முள்ளு தானா ஏறிக்கும்.