ஈறு திசு சைமோகிராமில் ஒரு பேண்டும் வரவில்லை, குழாய்தான் காரணமா?

ஈறுமாணவி, கும்பகோணம்:
பல்லைச் சுற்றிய ஈறு நோய்க்கான அறுவையில் கழிக்கும் திசுவில் எம்எம்பி-2, எம்எம்பி-9 நொதிகளை (ஜெலட்டினைச் செரிப்பவை) சைமோகிராமில் பார்க்கிறோம், அதாவது ஜெலட்டின் கலந்த ஜெல்லில் திசுப் புரதத்தை ஓட்டி, நொதி செரித்த இடத்தைத் தேடுகிறோம். திசு மாயவரம் கிளினிக்கிலிருந்து ஐஸ் பெட்டியில் தஞ்சாவூர் லேபுக்கு வருகிறது. சலைன் விட்ட ஊதா மூடி இடிடிஏ குழாயில்தான் போட்டுத் தருகிறார்கள். 40 மி.கி திசு, 400 மைக்ரோலிட்டர் பஃபர். 10% ஜெல், ஜெலட்டின் மி.லிக்கு 1 மி.கி, லேனுக்கு 15 மைக்ரோகிராம் புரதம். வெஸ்டர்ன் பிளாட்டுக்கு (ஆன்டிபாடியால் புரதத்தைக் காட்டும் சோதனை) வைத்திருந்த சாம்பிள் பஃபரில் கலந்து, 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்து ஓட்டினோம். ஓட்டியதும் ஜெல்லை 37 டிகிரியில் இரவு முழுக்க வைத்தோம். காலையில் கூமாசி சாயம் போட்டால் முழுக்க நீலம், ஜெலட்டின் செரிந்த இடத்தில் வர வேண்டிய வெளிறிய பேண்ட் ஒன்றுகூட இல்லை.

குடமுருட்டி:
இடிடிஏ கால்சியத்தையும் துத்தநாகத்தையும் பிடித்துவிடும். அவை இரண்டும் இல்லாமல் எம்எம்பி வேலை செய்யாது. முதலில் குழாயை மாற்றுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
குடமுருட்டி சார், ஒளிரும் பெப்டைட் வைத்து நேரடியாக அளக்கும் சோதனையென்றால் நீங்கள் சொல்வது சரி. சைமோகிராமில் இடிடிஏ ஜெல்லோடு ஓடிப் போய்விடும், பிறகு இன்குபேஷன் பஃபரில் கால்சியம் திரும்பக் கிடைக்கும். இடிடிஏ பிளாஸ்மாவிலேயே எம்எம்பி-9-இன் 92 கிலோடால்டன் பேண்ட் நன்றாக வரும். சாதாரணக் குழாய் நல்லதுதான், ஆனால் இங்கே குற்றவாளி வேறு.

வெஸ்டர்ன் பஃபரில் மெர்காப்டோஎத்தனால் இருக்கும். அது டைசல்ஃபைட் பிணைப்பை உடைக்கும், 95 டிகிரி மிச்சத்தையும் குலைக்கும். நொதி மறுபடி மடங்காது. மெர்காப்டோஎத்தனால் இல்லாத பஃபரில் கலந்து, கொதிக்க வைக்காமல், அறை வெப்பத்தில் 10 நிமிடம் வைத்து ஏற்றுங்கள். டேங்க் ஐஸில் இருக்கட்டும்.

இரண்டாவது தப்பு, நொதியைக் குலைத்து வைக்கும் எஸ்டிஎஸ் என்ற சோப்பைக் கழுவவே இல்லை. ஓட்டியதும் 2.5% டிரைட்டான் எக்ஸ்-100 கரைசலில் 30 நிமிடம், புதுக் கரைசலில் இன்னொரு 30 நிமிடம். அதன்பின் 50 மில்லிமோலார் டிரிஸ் (பிஹெச் 7.5), 10 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, 0.02% சோடியம் அசைடு கலந்த பஃபரில் 37 டிகிரியில் 18 மணி நேரம். மே மாதத்து டெல்டா வெயிலில் அறையே 37 இருக்கிறதே என்று மேசையில் விட்டுவிடாதீர்கள், விடிகாலையில் இறங்கிவிடும். கரண்ட் போனாலும் இதே கதைதான். ஒப்பிட வேண்டிய சாம்பிள்களெல்லாம் ஒரே ஜெல்லில் இருக்கட்டும்.

ஒரு லேனை மட்டும் வெட்டி, 20 மில்லிமோலார் இடிடிஏ கலந்த பஃபரில் தனியாக வையுங்கள். அங்கே பேண்ட் மறைந்தால் அது எம்எம்பிதான். இடிடிஏவுக்கு உண்மையான வேலை இங்கேதான்.

ஈறுமாணவி:
நன்றி சார். பேண்ட் வந்துவிட்டது, இடிடிஏ துண்டில் மறைந்தும் விட்டது. நோயுள்ள ஈற்றில் 92 கனமாக, 72 சுமாராக, மேலே 130 பக்கம் ஒன்று. "நொதியின் செயல்பாடு கூடியிருக்கிறது" என்று எழுதலாமா?

அரசலாறு:
எழுதாதீர்கள் மேடம். 92, 72 இரண்டும் முறையே எம்எம்பி-9, எம்எம்பி-2-இன் முன்வடிவங்கள், இன்னும் வெட்டுப்பட்டுச் செயலுக்கு வராதவை. திசுவுக்குள் பூட்டியிருப்பவைதான், ஆனால் எஸ்டிஎஸ் அந்தப் பூட்டைத் திறந்துவிடுவதால் வெட்டுப்படாமலே ஜெலட்டினைச் செரிக்கும். டிம்ப் தடுப்பானும் ஓட்டத்தில் பிரிந்துவிடும். ஆகவே ஜெல் காட்டுவது எவ்வளவு நொதி இருக்கிறது என்பதை. ஈற்றுக்குள் எவ்வளவு வேலை நடந்தது என்பதை அல்ல. வெட்டுப்பட்டுச் செயலுக்கு வந்த வடிவங்களுக்கான 82, 62 பக்கம் பேண்ட் இருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.

130ல் நிற்பது லிப்போகாலின் என்ற புரதத்தோடு ஒட்டிய எம்எம்பி-9, நியூட்ரோஃபில் வெள்ளணுவின் அடையாளம். வீங்கிய ஈற்றில் அது இயல்பு, ரத்தம் கலந்தாலும் வரும். வெட்டியதும் குளிர்ந்த சலைனில் ரத்தம் போகும்வரை அலசச் சொல்லுங்கள். பயாப்சி பழக்கத்தில் ஃபார்மலினில் போட்டுவிட்டால் அந்தத் திசு இதற்கு உதவாது.

இன்னொன்று, ஈற்றின் முதல் வகைக் கொலாஜன் இழையை முக்கால், கால் என்று முதலில் வெட்டுவதில் பெரும்பங்கு அதே குடும்பத்து எம்எம்பி-8க்கு. ஜெலட்டின் ஜெல்லில் அது சரியாகத் தெரியாது, ஆன்டிபாடி வைத்து அளக்கும் எலிசா சோதனை தேவை.

வெற்றிலை சீவல் போடுகிறவர்களைத் தனிப் பிரிவாக வையுங்கள், நம் பக்கம் அவர்கள் நிறைய. பாக்கின் டானின் கொலாஜனில் ஒட்டி, கொலாஜனேஸ் எளிதில் வெட்ட முடியாதபடி செய்துவிடும். பேண்ட் கனமாக இருந்தும் திசு சிதையாமல் இருக்கலாம். புகையிலை சேர்த்துப் போடுகிறார்களா என்று கேட்டு, அதற்குத் தனிக் கட்டம் போட்டுக் குறியுங்கள்.