நிலப் பயன்பாட்டு மாதிரிக்குள் சாப்பாட்டுத் தட்டு எதற்கு?

கேள்வி: டேவிட் லெக்லேர் குழு 2020இல் நேச்சர் இதழில் எழுதிய ஆய்வைப் படித்தேன். உலகின் நிலம் இனி எப்படிப் பயன்படும் என்று கணினி மாதிரிகளில் கணக்கிட்டிருக்கிறார்கள். உயிரினங்கள் அழிவதைத் திருப்பக் காடுகளைக் காத்து மீட்டால் போதாதா? உணவு வீணாவதையும் இறைச்சியையும் ஏன் கணக்கில் சேர்த்தார்கள்?

பதில் 1: காட்டுக்கு நிலம் ஒதுக்கினால் விளைநிலம் சுருங்கும், உணவு விலை ஏறும். விளைச்சலைக் கூட்டி, வீணாவதையும் இறைச்சியையும் பாதியாக்கினால் நிலம் மிஞ்சும். எல்லாம் சேர்ந்தால் வரவிருக்கும் உயிரின இழப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தவிர்க்கலாம் என்கிறது ஆய்வு. பருவநிலை மாற்றம் அதில் சேரவில்லை.

பதில் 2: வால்பாறையில் தேயிலைக்கு நடுவே மழைக்காட்டு நாற்று நடுகிறேன். உண்ணிச்செடி என்ற களையை வேரோடு பிடுங்கினால்தான் கன்று மூச்சுவிடும். இங்குள்ள புதுத்தோட்டம் எஸ்டேட்டின் சோலைமந்திகள் (சிங்கவால் குரங்குகள்) பிழைத்திருப்பது இப்படிப்பட்ட துண்டுக்காட்டில்தான். உலக மாதிரி நிலத்தைப் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்துப் பார்ப்பதால், இந்தச் சின்னக் காடு அதில் தெரியாது. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

கேட்டவர்: நன்றிங்க. கன்றுகளுக்கு எத்தனை வருஷம் களை எடுக்கணும்?