பேக்கேஜில் எல்லாம் அடக்கம், பாஸ்போர்ட் தவிர

ஆத்திரம் கொஞ்சம் ஆறட்டும் என்று இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். போன மாதம் நடந்தது. அப்பா அம்மா இருவரையும் ஆறு நாள் பேக்கேஜில் பாலிக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருந்தேன். விமானம், ஓட்டல், கார், வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஒரே தொகை, ஒரே ரசீது. நான்கு மாதம் முன்பே முன்பணம், பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு மிச்சப் பணம். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

செக்-இன் கவுண்டரில் இருந்த பெண் அம்மாவின் பாஸ்போர்ட்டைப் பார்த்து ஓரமாக வைத்தார். அப்பாவுடையதைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்து விரல் விட்டு மாதங்களை எண்ணினார். "சார், இதில் ஐந்து மாதம் பதினோரு நாள்தான் இருக்கு. இந்தோனேசியாவில் இறங்குகிற நாளிலிருந்து ஆறு மாதம் இருக்கணும்." இன்னும் காலாவதியே ஆகவில்லையே என்று அப்பா கேட்டிருக்கிறார். ஏற்ற முடியாது, அவ்வளவுதான் பதில்.

இதற்கு மேல்தான் கூத்து. டூர் கம்பெனிக்குப் போன் போட்டால், அம்மா மட்டும் தாராளமாகப் போகலாம், ஆனால் இருவர் அறையில் ஒருவர் தங்குவதால் தனி அறைக்கான கூடுதல் கட்டணம் கட்டவேண்டும் என்கிறார்கள். அப்பாவின் பங்கு முழுசாக அவர்கள் கையில் இருக்கிறது, காலியாகக் கிடக்கப்போகிற அந்தப் படுக்கைக்கும் சேர்த்து! அம்மா பெட்டியைத் தள்ளிக்கொண்டு அப்பாவோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

ஒப்பந்தம் 22 பக்கம். 14ஆம் விதியில் இருக்கிறது: பயண ஆவணங்கள் செல்லுபடியாக இருப்பது பயணியின் பொறுப்பு, விமானத்தில் ஏற்ற மறுத்தாலோ நாட்டுக்குள் விட மறுத்தாலோ பணம் திரும்பாது. காப்பீட்டுக்காரர்களும் அதையே சொல்லி, ஆவணக் குறைபாட்டுக்கு இழப்பீடு இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் பாஸ்போர்ட் நகலை நான்கு மாதம் முன்பே வாங்கி வைத்துக்கொண்டவர்கள், ஒருமுறையாவது அந்தத் தேதியைப் பார்த்திருக்க வேண்டாமா? உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

*

உங்கள் அப்பாவை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. நான் ஒன்பது வருடம் செக்-இன் கவுண்டரில் உட்கார்ந்தவன், அதனால் அந்தப் பெண்ணின் பக்கமும் கொஞ்சம் சொல்கிறேன். அது அவர் இஷ்டத்துக்கு எடுக்கிற முடிவு இல்லை. டைமேட்டிக் என்று ஐயாட்டாவின் (உலக விமான நிறுவனங்களின் சங்கம்) தகவல் தொகுப்பு ஒன்று உண்டு, எந்த நாட்டு பாஸ்போர்ட், எங்கே போகிறார், எங்கே மாறுகிறார் என்று கொடுத்தால் என்னென்ன வேண்டும் என்று காட்டும். அதை மீறி ஏற்றிவிட்டு, அங்கே இறங்க விடாமல் திருப்பி அனுப்பினால், அவரைத் திரும்பக் கொண்டுவருவது விமான நிறுவனத்தின் தலையில் விழும், பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால்தான் கவுண்டரில் எவ்வளவு கெஞ்சினாலும் நடக்காது.

இன்னொன்று, எல்லாரும் ஆறு மாதம் ஆறு மாதம் என்று சொல்கிறோமே, அது எல்லா நாட்டுக்கும் ஒன்று இல்லை. ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) அங்கிருந்து கிளம்புகிற நாளுக்கு அப்புறம் மூன்று மாதம் இருந்தால் போதும். பிரிட்டனில் தங்கும் நாட்கள் முடியும் வரை செல்லுபடியாக இருந்தால் சரி. சில இடங்களில் இறங்கும் நாளிலிருந்து எண்ணுவார்கள், சில இடங்களில் கிளம்பும் நாளிலிருந்து. பத்து நாள் டூரில் இந்த வித்தியாசத்திலேயே மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தேதி சரியாக இருந்தும் திரும்பிப் போனவர்கள் உண்டு. தண்ணீரில் நனைந்து உப்பிய பாஸ்போர்ட், அட்டை பிரிந்தது, ஓரம் கிழிந்தது. ஒரு அம்மா சுற்றுலாத் தலத்தில் கொடுக்கிற நினைவு முத்திரையை ஆசையாகப் பாஸ்போர்ட்டிலேயே குத்தி வாங்கி வந்திருந்தார், அரசு முத்திரை அல்லாத எதுவும் அதில் இருந்தால் சில நாடுகள் ஏற்பதில்லை. அது ஆட்டோகிராஃப் நோட்டு இல்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை.

*

மேலே அண்ணன் சொன்ன ஷெங்கன் விதியில் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது: உள்ளே நுழைகிற நாளில் பாஸ்போர்ட் கொடுத்துப் பத்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது. பத்து வருடத்துக்கு மேல் எந்த பாஸ்போர்ட் ஓடும் என்று கேட்காதீர்கள், ஓடும். பிரிட்டனில் 2018 செப்டம்பர் வரை, பழைய பாஸ்போர்ட்டில் மிச்சமிருந்த மாதங்களைப் புதியதில் ஒன்பது மாதம் வரை சேர்த்துக் கொடுத்தார்கள். என் சித்தப்பா அங்கே குடியுரிமை வாங்கியவர். அவர் பாஸ்போர்ட்டில் முடிவுத் தேதிக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது, ஆனால் வழங்கிய தேதியிலிருந்து பத்து வருடமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது. ஸ்பெயினுக்கு ஒரு வார பேக்கேஜ், மொத்தமும் போச்சு. ஆறு மாதக் கணக்கைச் சரியாகப் பார்த்துவிட்டுப் போய் மாட்டிய ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

*

என்னுடையது ஏறுவதில் வந்த சிக்கல் இல்லை, பாதி வழியில் வந்தது. குரோஷியா, ஸ்லோவேனியா பேக்கேஜ். குரோஷியாவின் துப்ரோவ்னிக்கில் ஒரு நாள் ஓய்வு நாள், விருப்பப்பட்டவர்கள் தனியாகப் பணம் கட்டி மோஸ்டர் பழைய பாலம் பார்க்கப் போகலாம் என்று அட்டவணையில் இருந்தது. நாங்கள் ஆறு பேர் முதல் நாளே பணம் கட்டிவிட்டோம். காலையில் பஸ் கிளம்புவதற்கு முன் வழிகாட்டி எல்லார் விசா ஸ்டிக்கரையும் வாங்கிப் பார்த்தார். அதில் எத்தனை முறை நுழையலாம் என்று ஒரு கட்டம் இருக்கும், சிலருக்கு 'மல்ட்', அதாவது பலமுறை, என்று இருந்தது, எனக்கும் என் மனைவிக்கும் 01.

மோஸ்டர் இருப்பது போஸ்னியாவில். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன், போஸ்னியா இல்லை. ஒருமுறை நுழைவு விசாவை வைத்துக்கொண்டு எல்லை தாண்டினால் அந்த ஒருமுறை முடிந்தது, திரும்பி வர வழி இல்லை, பெட்டி ஓட்டலில், நாம் எல்லைக்கு அந்தப் பக்கம். அந்த வழிகாட்டிக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன், அவர் பார்க்காமல் விட்டிருந்தால் சாவடியில் நின்றிருப்போம். மற்ற நான்கு பேர் போனார்கள், நாங்கள் கோட்டைச் சுவரில் ஏறி வெயிலில் சுற்றினோம். கட்டிய பணம் திரும்பவில்லை, அட்டவணையின் அடியில் 'விசா நிலைக்கு உட்பட்டது' என்று நான்கு சொல் இருந்ததாம் (எண்ணிப் பார்த்தேன், மூன்றுதான்).

விசாவுக்குக் கம்பெனியே விண்ணப்பம் போட்டது, அட்டவணையும் அவர்கள் போட்டதுதான். அப்புறம் ஏன் பலமுறை நுழைவுக்குக் கேட்கவில்லை என்றால் பதில் இல்லை. ஐரோப்பா போகிறவர்கள் நடுவில் பிரிட்டன், செர்பியா, போஸ்னியா எதுவாவது வருகிறதா என்று வரைபடத்தை வைத்துப் பாருங்கள். லண்டனில் இரண்டு நாள் நடுவில் சொருகிய டூர் நிறைய ஓடுகிறது, அதற்கு பிரிட்டன் விசா வேறு, ஷெங்கனுக்குத் திரும்பி வரும் அனுமதி வேறு.

*

கென்யா போய் அப்படியே தான்சானியாவின் சான்சிபார் தீவு. யானை, சிங்கம், அப்புறம் கடற்கரை. கிளம்ப எட்டு நாள் இருக்கும்போது, கூட வருகிற ஒரு அக்கா வாட்சப்பில் சாதாரணமாகக் கேட்டார், "எல்லாரும் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாச்சா?" எனக்குத் தலை சுற்றியது. கென்யாவிலிருந்து தான்சானியாவுக்குள் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும், அந்தச் சான்றோ ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். அன்று மதியமே ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டேன். எட்டு நாள் வீட்டில், நான்கு நாள் கென்யாவில், பன்னிரண்டாம் நாள் சான்சிபார். கென்யாவில் இரண்டே நாள் என்று இருந்திருந்தால் இழுபறிதான். விமான நிலையத்தில் அந்த மஞ்சள் அட்டையை வாங்கிய அதிகாரி ஊசி போட்ட தேதியில் விரலை வைத்து மனசுக்குள் எண்ணினார், நானும் கூடவே எண்ணினேன்.

2016 ஜூலைக்குப் பிறகு இந்தச் சான்றுக்கு ஆயுள் முழுவதும் மதிப்பு, அதனால் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். சான்சிபாருக்கு 2024 அக்டோபரிலிருந்து இன்னொன்றும் உண்டு. நம்மிடம் எவ்வளவு பெரிய பயணக் காப்பீடு இருந்தாலும், அவர்கள் ஊர்க் காப்பீட்டைத் தனியாக வாங்கவேண்டும், பெரியவர்களுக்கு 44 டாலர். 'எல்லாம் அடக்கம்' பேக்கேஜில் அது அடக்கம் இல்லை. கேட்டால், அது அரசாங்கம் வாங்குவது, எங்கள் கணக்கில் வராது என்றார்கள்.

*

சின்னதாக இரண்டு. ஒன்று, என் பாஸ்போர்ட்டில் பெயர் ஒரே சொல், குடும்பப் பெயர்க் கட்டம் காலி. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாக்காரர்களை ஏற்பதில்லை என்று அறிவித்த வாரத்தில்தான் என் துபாய் பேக்கேஜ். நல்லவேளை, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தது, அது போதும் என்று பின்னால் தெளிவுபடுத்தினார்கள். கடைசி நிமிடம் வரை கம்பெனிக்காரருக்கும் தெரியவில்லை, நான்தான் செய்தியைத் தேடி அவருக்கு அனுப்பினேன்.

இரண்டு, சிங்கப்பூர் வருகை அட்டை, தாய்லாந்தின் டிஜிட்டல் வருகை அட்டை இரண்டும் இலவசம், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். தேடினால் மேலே வருவது காசு வாங்குகிற போலித் தளங்கள், அரசுச் சின்னம் மாதிரியே ஒன்றை ஒட்டி வைத்திருப்பார்கள். நான் ஒன்றில் கட்டினேன். வெட்கத்தோடு சொல்கிறேன், அடுத்த பயணத்தில் என் தம்பியும் கட்டினான்.

*

திட்டு விழும் என்று தெரிந்தே எழுதுகிறேன், நான் டூர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன் (உங்கள் கம்பெனி இல்லை!). ரத்துக் கட்டணம் ஏன் நாள் நெருங்க நெருங்க ஏறுகிறது என்றால், குழு டிக்கெட்டுக்கு நாங்கள் முன்பணம் கட்டி, ஒரு தேதிக்குள் பெயர்ப் பட்டியல் கொடுத்து, டிக்கெட் எடுத்தபின் அந்தக் காசு எங்களுக்கே திரும்புவதில்லை. ஓட்டலிலும் அறையை விட்டுக்கொடுக்க ஒரு கடைசி நாள் உண்டு. அதுவரை நாங்கள் வளைந்து கொடுக்க முடியும், அப்புறம் முடியாது.

நகல் வாங்கினோமே, பார்க்க வேண்டாமா என்ற கேள்வி நியாயம்தான், மழுப்ப விரும்பவில்லை. நல்ல கம்பெனியில் நகல் வந்ததுமே முடிவுத் தேதியைக் குறித்துக்கொள்வார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் நிபந்தனைகளை முன்கூட்டியே சொல்வது சட்டமாகவே இருக்கிறது, 2018 ஜூலையிலிருந்து நடைமுறை. பணம் வாங்குவதற்கு முன்பே பாஸ்போர்ட், விசா நிபந்தனைகளையும், விசா கிடைக்கத் தோராயமாக எவ்வளவு நாள் ஆகும் என்பதையும், சுகாதார விதிகளையும் சொல்லியாக வேண்டும். விலையை 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் பயணி கட்டணமில்லாமல் விலகலாம். கிளம்ப ஏழு நாள் முன்பு வரை சொன்னால், செலவைக் கட்டிவிட்டு இடத்தை இன்னொருவர் பெயருக்கு மாற்றலாம். ஆள் சேரவில்லை என்று கம்பெனி ரத்து செய்வதாக இருந்தால்கூட, ஆறு நாளுக்கு மேற்பட்ட டூருக்கு இருபது நாள் முன்பே சொல்லவேண்டும். ஆனால் அங்கேயும் அவர்கள் சொல்லவேண்டியது பொதுவான நிபந்தனை. சொன்னபிறகு தன் பாஸ்போர்ட்டில் என்ன தேதி இருக்கிறது என்று பார்ப்பது பயணியின் வேலைதான்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன் தம்பி, ஆறு மாதம் வேண்டும் என்று உங்களுக்கு எழுத்தில் எப்போது கொடுத்தார்கள்? பணம் கட்டுவதற்கு முன்பா, பின்பா? அதைப் பொறுத்துத்தான் நீங்கள் கேட்க முடியும்.

*

அண்ணா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு மின்னஞ்சல் எல்லாவற்றையும் கிளறினேன். முன்பணம் கட்டியபோது வந்ததில் இல்லை. மிச்சப் பணம் கட்டியபோது வந்ததிலும் இல்லை. பயண வவுச்சரின் இரண்டாம் பக்கத்தில், ஓட்டலில் துண்டு எடுத்துப் போகக் கூடாது என்பதற்குக் கீழே இருக்கிறது. அந்த வவுச்சர் வந்தது கிளம்ப ஐந்து நாள் முன்பு.

இதை அப்படியே தேதி போட்டு எழுதி, மூன்று மின்னஞ்சலையும் இணைத்து அனுப்பினேன். முதலில் 14ஆம் விதியையே திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை எழுதியபோது மேலாளர் ஒருவர் பேசினார். விமானக் காசு திரும்பாது, ஓட்டல், கார் செலவில் பாதியைத் தருகிறோம் என்றார். அடுத்த டூரில் கழித்துக்கொள்ளும் கூப்பனாகத் தரட்டுமா என்று கேட்டார், பணமாகத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். நேற்று வந்துவிட்டது. முழு நியாயம் என்று சொல்ல மாட்டேன், ஒன்றுமே வராது என்று நினைத்ததற்கு இது பரவாயில்லை.

அப்பாவுக்குப் புதுப் பாஸ்போர்ட்டும் வந்தாயிற்று. கையில் வாங்கியதும் படம் நன்றாக இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. ஒன்பது வருடம் நான்கு மாதம் கழித்து அடிக்கும்படி போனில் அலாரம் வைத்துக் கொடு என்று என்னிடம் நீட்டினார். அந்தப் போன் அதுவரை இருக்குமா அப்பா என்று கேட்டேன். அம்மா போனிலும் ஒன்று வை என்றார்.