பக்கத்து வீட்டுப் பெரியவரின் ஜாஸ் தட்டுகள்: 'வெரி குட்' என்று போட்டு விற்கலாமா?

டீநெக்_குமார்:

வணக்கம். நியூ ஜெர்சியில் டீநெக்கில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் போன குளிர்காலத்தில் தவறிவிட்டார். தபால்காரராக வேலை பார்த்தவர். அவர் மனைவி இப்போது மகள் வீட்டோடு போகிறார். போகும்முன் 31 எல்பி இசைத்தட்டுகளை என்னிடம் கொடுத்து விற்றுத் தரச் சொன்னார். பணம் அந்த அம்மாவுக்குத்தான். எனக்கு ஜாஸ் தெரியாது, கேசட் கேட்டு வளர்ந்தவன்.

ஒரு கடைக்காரர் வந்து பத்து நிமிடம் புரட்டிவிட்டு மொத்தத்துக்கும் 350 டாலர் என்றார். ஆனால் ப்ளூ நோட் கம்பெனியின் 11 தட்டுகளை மட்டும் இரண்டாம் முறை எடுத்துப் பார்த்தார். அதனால் கொடுக்கவில்லை.

அதில் ஒன்று ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ டிரெயின்', எண் 1577. லேபிளில் 'நியூயார்க் யுஎஸ்ஏ' என்று இருக்கிறது. பாட்டு முடிந்து லேபிள் வரை உள்ள வெற்று இடத்தில் 'ஆர்விஜி' என்ற எழுத்துகள். கொஞ்சம் தள்ளி, யாரோ ஆணியால் கிறுக்கியது போலக் காது வடிவத்தில் ஒரு குறி. இதைக் குறை என்று எழுத வேண்டுமா? மற்றபடி பளபளவென்று இருக்கிறது. 'வெரி குட்' என்று போட்டு விடலாமா?

பழையதட்டு:

குமார், அந்தக் காதைக் குறை என்று எழுதினால் வாங்குகிறவர் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு போவார். அது கீறல் இல்லை. நார்த் பிளெயின்ஃபீல்டில் தட்டு அச்சடித்துக் கொடுத்த பிளாஸ்டிலைட் ஆலையின் முத்திரை. உண்மையில் 'பி' என்ற எழுத்து, கூட்டெழுத்தில். பார்க்கக் காது போல இருப்பதால் சேகரிப்பவர்கள் எல்லோரும் காது என்றே சொல்வார்கள். 1960களின் நடுவில் ப்ளூ நோட் லிபர்ட்டி கம்பெனி கைக்குப் போனதும் காது நின்றுவிட்டது. ஆனால் மிச்சமிருந்த பழைய லேபிள்களை அவர்கள் தூக்கிப் போடவில்லை, அவற்றையே போட்டுத் தட்டு அச்சடித்தார்கள். அதனால் லேபிளை மட்டும் பார்த்து நம்பக் கூடாது. உங்களுடையதில் காதும் இருக்கிறது, நல்லது.

அதற்காக 'முதல் அச்சு' என்று எழுதிவிடாதீர்கள். அது 1957 செப்டம்பரில் பதிவானது. அந்தக் காலத்து லேபிளில் '47 வெஸ்ட் 63' என்ற தெரு முகவரி இருக்கும். 'நியூயார்க் யுஎஸ்ஏ' 1960களில் வந்தது. அதாவது மறு அச்சு, ஆனால் ருடி வான் கெல்டர் வெட்டிய மாஸ்டரிலிருந்து, அதாவது மூலத் தட்டிலிருந்து வந்தது. 'ஆர்விஜி' அவர்தான். பகலில் கண் பரிசோதகர் வேலை, மற்ற நேரத்தில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் ஒலிப்பதிவு. வீடு எங்கே தெரியுமா? உங்களுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹாக்கென்சாக்கில். 'ப்ளூ டிரெயின்' பதிவானது அந்த அறையில்தான். பெரியவர் அந்தத் தெருவுக்கு எப்போதாவது தபால் கொண்டுபோனாரா என்று அந்த அம்மாவிடம் எனக்காகக் கேளுங்கள்.

இப்போது தரம். 'வெரி குட்' என்ற சொல்லில்தான் புதியவர்கள் எல்லோரும் விழுகிறார்கள். சேகரிப்பவர்கள் தரம் போடும் கோல்ட்மைன் முறையில் மேலே மின்ட், அடுத்து நியர் மின்ட், அப்புறம் விஜி பிளஸ், அதற்கும் கீழேதான் விஜி, அதாவது வெரி குட். மெல்லிய வாசிப்பு வரும் இடங்களில் இரைச்சல் தெரியும் தட்டு அது. வெறும் 'குட்' என்றால் எடுத்து வைத்துக்கொள்ளவே யோசிக்க வேண்டும். கணக்கு இப்படி: நியர் மின்ட் விலையில் பாதி விஜி பிளஸுக்கு, கால் பங்கு விஜிக்கு. நல்ல தட்டுக்கு விஜி போட்டால் அந்த அம்மாவுக்கு நஷ்டம். சுமாரானதற்கு நியர் மின்ட் போட்டால் உங்களுக்கு மானக்கேடு.

நான் பட்டிருக்கிறேன். விற்கத் தொடங்கிய புதிதில் டியூப்லைட்டில் பார்த்துவிட்டு பிரெஸ்டிஜ் கம்பெனித் தட்டு ஒன்றுக்கு நியர் மின்ட் போட்டு ஜெர்மனிக்கு அனுப்பினேன். வாங்கியவர் திட்டவில்லை. விளக்கடியில் எடுத்த ஒரே ஒரு போட்டோ அனுப்பினார். தட்டு முழுக்கச் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள். பணத்தையும் கொடுத்து, இரண்டு பக்கத் தபால் செலவையும் கொடுத்தேன்.

சீலிங் லைட்டில் எல்லாத் தட்டும் பளபளக்கும். அறையை இருட்டாக்கி ஒரே ஒரு மேசை விளக்கின் கீழ் தட்டைச் சாய்த்துச் சுற்றிப் பாருங்கள். காகித உறையில் போட்டு எடுத்த மயிரிழைக் கோடுகள் தெரியும், அவை பெரும்பாலும் சத்தம் போடாது. விரலால் மெல்லத் தடவும்போது நிரடும் கீறல்தான் 'டிக்' அடிக்கும். நடுத் துளையைச் சுற்றி லேபிளில் கோடுகள் நிறைய இருந்தால் தட்டு நிறைய ஓடியிருக்கிறது. கனமான பழைய ஊசியில் ஓடியது என்றால் கீறலே இல்லாமல் பளபளக்கும், போட்டால் கடைசிப் பாட்டில் சாக்ஸபோன் கரகரக்கும். அதைக் கண்ணால் பிடிக்க முடியாது. விலை உயர்ந்த தட்டுகளை முழுக்க ஓட்டிக் கேட்டுத்தான் எழுத வேண்டும். உறைக்குத் தனித் தரம்.

ராஜேஷ்77:

இவ்வளவு யோசிக்க வேண்டாம் ப்ரோ. பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுக் குழாயடியில் கழுவினால் ஒரு கிரேடு ஏறும். என் அப்பாவின் தட்டுகளை அப்படித்தான் கழுவினேன்.

பழையதட்டு:

லேபிள் நனைந்து ஊறிப்போன தட்டுக்கு என்ன கிரேடு, ராஜேஷ்? அழுக்கு போகும், கீறல் போகாது. காய்ச்சி வடித்த நீர், மென்மையான துணி, லேபிளில் ஒரு சொட்டும் படக் கூடாது. பெட்டியில் 78 சுழற்சி அரக்குத் தட்டு இருந்தால் ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள், அரக்கு கரைந்துவிடும்.

ஸ்கார்பரோ_மாலா:

அனுப்புவதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. தட்டை அட்டை உறைக்குள் வைத்து அனுப்பாதீங்கோ. வழியில் பெட்டி விழுந்தால் தட்டின் விளிம்பு உறையின் தையலைக் கிழித்துக்கொண்டு வரும். தட்டை உள்ளுறையோடு வெளியே எடுத்து, அட்டை உறைக்குப் பின்னால் வைத்து, இரண்டு பக்கமும் கெட்டி அட்டை கொடுத்துக் கட்டுங்கோ. அமெரிக்காவுக்குள் என்றால் தபால் துறையின் மீடியா மெயில் மலிவு, ஆனால் மெதுவாகப் போகும். அப்புறம், உள்ளுறையில் 'ப்ளூ நோட்டின் 27 ஆண்டுகள்' என்ற விளம்பரம் இருந்தால் அது 1966 உறை. 1939-ல் தொடங்கிய கம்பெனி, கூட்டிப் பாருங்கோ. காது உள்ள உங்கள் தட்டுக்கு அது சொந்த உறையாக இருக்காது.

டீநெக்_குமார்:

எல்லோருக்கும் நன்றி. 11 ப்ளூ நோட்டிலும் காது தேடினேன், 7-ல் இருக்கிறது. லீ மார்கனின் 'சைட்வைண்டர்', 4157, அதிலும் உண்டு. 1577 உறையின் கீழ்த் தையல் நான்கு அங்குலம் பிரிந்திருக்கிறது. முதல் பக்க லேபிளில் பெரியவர் பால்பாயின்ட் பேனாவில் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறார். அதை அழிக்க வழி உண்டா?

அம்மாவிடம் கேட்டேன். ஹாக்கென்சாக் இல்லையாம், பெர்கன்ஃபீல்ட்.

பழையதட்டு:

பரவாயில்லை, பிரெஸ்டிஜ் கம்பெனியின் பிற்காலத்து லேபிள்களில் அந்த ஊர் முகவரிதான். பெயரை அழிக்காதீர்கள். அழித்தால் லேபிளின் மேல்தோல் உரியும், பேனா எழுத்தைவிட அது மோசம். 'லேபிளில் பெயர்' என்று எழுதி, போட்டோ போடுங்கள். தையலை டேப் போட்டு ஒட்டவும் வேண்டாம். 4157 அந்தக் காலத்திலேயே நிறைய விற்ற தட்டு, இன்றும் நிறையக் கைமாறுகிறது. 1577 விலையை அதற்கு எதிர்பார்க்காதீர்கள்.

டீநெக்_குமார்:

சரி, அழிக்கவில்லை. நேற்று ராத்திரி நண்பரின் பிளேயரில் 1577 இரண்டு பக்கமும் கேட்டேன். இரண்டாம் பக்கம் முதல் பாட்டில் 'டிக்' வருகிறது. எண்ணினேன், 14 முறை. விஜி பிளஸா, விஜியா?

பழையதட்டு:

சுற்றுக்கு ஒரு 'டிக்', ஒரு சுற்றுக்கு 1.8 நொடி, ஆக 25 நொடிக்கு ஒரே கீறல். பியானோ சத்தத்துக்கு மேலே கேட்கிறதா, அதற்கு அடியில் அமுங்கிக் கேட்கிறதா?

டீநெக்_குமார்:

மேலே.

பழையதட்டு:

விஜி. 14 என்ற எண்ணையும் விளம்பரத்தில் போடுங்கள்.