தள்ளுபடியான வழக்கு ரிப்போர்ட்டில் 'தண்டனை' என்று வந்திருக்கிறது, என்ன செய்ய?

கேள்வி: அமெரிக்காவில் கிடங்கு வேலை ஒன்று கிடைத்தது, சேர வேண்டியதுதான் பாக்கி. பின்னணிச் சோதனையில் 9 வருடத்துக்கு முந்தைய திருட்டு வழக்கைத் தண்டனை என்று போட்டிருக்கிறார்கள். அது அப்போதே தள்ளுபடியாகிவிட்டது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

பதில் 1: பதறாதீங்க. 1970-ல் வந்த எஃப்.சி.ஆர்.ஏ. (கடன், பின்னணி ரிப்போர்ட்டுகள் நியாயமாக இருக்க வேண்டும் என்கிற அமெரிக்கச் சட்டம்) படி, ரிப்போர்ட்டை வைத்து வேலையை மறுக்க நினைத்தால் முடிவெடுக்கும் முன்பே அதன் நகலை உங்களுக்குத் தந்தாக வேண்டும். வாங்கி, பெயர், பிறந்த தேதி, வழக்கு எண் எல்லாவற்றையும் நீதிமன்றத் தாளோடு வைத்துப் பாருங்கள். தப்பு இருந்தால் சோதனை செய்த கம்பெனிக்கு எழுத்தில் மறுப்பு அனுப்புங்கள், பொதுவாக 30 நாளுக்குள் விசாரிக்க வேண்டும். வேலை கொடுப்பவரிடமும் உடனே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இடத்தை நிரப்பிவிடுவார்கள்.

பதில் 2: உண்மையிலேயே தண்டனை பெற்றவரைக்கூட அதை மட்டும் வைத்து ஒதுக்குவது அநியாயம். குற்றம் என்ன, எவ்வளவு காலமாச்சு, அந்த வேலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்கச் சொல்லி இ.இ.ஓ.சி. (வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் அமெரிக்க அரசு ஆணையம்) 2012-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது.

கேட்டவர்: நகல் வந்துவிட்டது. பெயரில் நடு எழுத்து வேறு, பிறந்த வருடமும் வேறு, அதில் இருப்பது என் பழைய வழக்கே இல்லை, வேறு யாரோ ஒருவருடையது! இன்றைக்கே மறுப்பு அனுப்புகிறேன். ரொம்ப நன்றி.